ஈறு நோயும் தவறாத தவணையும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது ரொக்கப் புத்தகம். அடுத்துக் கேட்பது தவணை கடந்த பாக்கிப் பட்டியல். ரொக்கம் சரியாக இருப்பது அன்றைய ஒரு நாளின் நிலைமையை மட்டுமே காட்டும். சங்கம் இன்னும் பத்து ஆண்டுகள் நிலைத்து நிற்குமா என்பதைச் சொல்வது பாக்கிப் பட்டியலே. சிறு பாக்கி சத்தமிடுவதில்லை. வட்டி ஏறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும் நாளிலோ ஜப்தியைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. இது நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்த செய்தியே.

இதே இயல்புடைய நோய் ஒன்று நம்மில் பலருடைய வாயில் குடியிருக்கிறது. அதுவே ஈறு நோய். உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கடுமையான ஈறு நோயால் துன்புறுகிறார்கள். பல்வலி வந்தால் இரவோடிரவாக வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே அதைத் தேடி எவரும் ஓடுவதில்லை. பல் ஆடத் தொடங்கிய பின்னரே நமக்கு அதன் நினைவு வருகிறது.

இதை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி யாது என்று வாசகர்கள் கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன், நோயாளி. ஆறு ஆண்டுகளாக ஈறு நோய் நிபுணர் ஒருவரின் கண்காணிப்பில் இருந்து வருகிறேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் கற்றதும், செய்த பிழை ஒன்றும், நம் நெசவாள அன்பர்களுக்கும் வேளாண் அன்பர்களுக்கும் பயன்படக் கூடும் என்பதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

நோய் கண்ட விதம்

நான் தறிக்குடியில் பிறந்தவன். என் தந்தையார் 48 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தவர். அவற்றுள் சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லை. வெள்ளையாய், முழுமையாய், ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. "வயதானால் பல் விழத்தானே செய்யும்" என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். திருவிழாவில் வாங்கிய முறுக்கை உரலில் இடித்துப் பொடியாக்கி அவருக்குக் கொடுப்பது சிறுவயதில் என்னுடைய வேலை.

எனக்கு 31 வயது நடந்தபோது, பல் துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசிவதைக் கண்டேன். தூரிகை முரடாக இருக்கிறது போலும் என்று எண்ணி, இரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விட்டேன். இது முதற் பிழை. பின்னர் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே முன்பு இல்லாத இடைவெளி தோன்றியது. காலையில் எழும்போது வாயில் துர்நாற்றம் இருப்பதாக என் மனைவி சொன்னாள். அதன் பிறகே மாவட்டத் தலைநகரில் ஒரு பல் வைத்தியரிடம் சென்றேன். அவர் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, "இது நான் மட்டும் பார்த்து முடிக்கும் காரியம் அன்று, ஈறு நோய் நிபுணரிடம் செல்லுங்கள்" என்றார். தம் கையால் ஆகாததை ஆகாது என்று சொல்லிய அந்த வைத்தியருக்கு இன்றும் நன்றியுடையேன்.

ஐந்து ஆண்டுகள் பல் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்ற பின்னர், மேலும் மூன்று ஆண்டுகள் ஈற்றையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் பற்றியே பயின்று மேற்பட்டம் பெறுபவர் இந்த நிபுணர். இப்படியொரு தனித்துறை உண்டென்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈற்றின் அடியில் நடப்பது என்ன?

நம் பற்களின் மேல் இடைவிடாது ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது வெறும் உணவுத் துணுக்கு அன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பு. நாள்தோறும் துடைத்து நீக்காவிடில், எச்சிலிலுள்ள சுண்ணச்சத்து அதில் இறங்கி, சில நாட்களிலேயே அது கெட்டிப்படத் தொடங்கும். இதையே பற்காரை என்கிறோம். காரை ஏறிய பிறகு தூரிகையால் அதை எடுக்க இயலாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதிய படலம் மேலும் எளிதாகப் படியும்.

இதனால் முதலில் ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் கசியும். இந்த நிலையில் நோய் முற்றிலும் திரும்பிவிடக் கூடியது. ஹாரால்டு லோ என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் டென்மார்க் நாட்டு ஆர்ஹூஸ் நகரில் நடத்தி 1965இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை ஐயமற நிலைநாட்டியது. நல்ல ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

வீக்கம் நீடித்தால், பலருக்கு அது உள்ளே இறங்குகிறது. ஈறு பல்லைவிட்டு விலகி, இடையில் ஒரு பை உண்டாகிறது. கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போரில், பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. பை ஆழமாக ஆழமாக, அதற்குள் தூரிகை எட்டாது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. வீங்கிய ஈற்றுக்கும் கரைந்த எலும்புக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அன்பர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். முன்னது வசூலாகக் கூடிய பாக்கி. பின்னது முழுகிப் போன முதல்.

தேயிலைத் தோட்டத் தமிழர் தந்த பாடம்

இந்நோயைக் கவனியாது விட்டால் ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு வளரும் என்பதை உலகுக்குத் தெரிவித்தவர்கள் நம் இனத்தவரே என்பது பலருக்குத் தெரியாது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் உழைத்த 480 தமிழ்த் தொழிலாளரின் பற்களை, மேற்சொன்ன லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் அளந்து குறித்தனர். பின்னர் 1985 வரை பலமுறை சென்று, அதே மனிதர்களை அதே முறையில் மீண்டும் அளந்தனர். இத்தொழிலாளர்கள் தூரிகை கொண்டு பல் துலக்கியவர்கள் அல்லர். பல் வைத்திய வசதியும் அவர்களுக்குக் கிட்டியிருக்கவில்லை. சொத்தைப் பல் அவர்களிடையே மிக அரிது. படலமும் காரையும் அனைவர் வாயிலும் நிறைந்திருந்தன.

1986இல் வெளியான முடிவு இதுவே. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைவாகப் பரவியது. 81 பேருக்கு மிதமான வேகத்தில் பரவியது. 11 பேருக்கு ஈற்று வீக்கத்துக்கு மேல் செல்லவே இல்லை. விரைவாகப் பரவிய பிரிவினருக்கு 35 வயதளவில் பல்லின் பிடிமானம் சராசரியாக ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. 45 வயதளவில் அது 13 மில்லிமீட்டர் ஆயிற்று. பல் வேரின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். மிதமான பிரிவினருக்கு இந்த இழப்பு முறையே 4, 7 மில்லிமீட்டர் அளவில் இருந்தது.

தோட்டத்தில் உழைத்துக் கூலி பெற்ற அம்மக்கள் தம் பற்களை இழந்தே இந்த உண்மையை உலகுக்குத் தந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் கொடுத்த விலைக்கு ஈடாக நாம் செய்யக் கூடியது, அப்பாடத்தைக் கற்பதே.

அப்பாடம் இரண்டு வகையாகும். முதலாவது: "என் பாட்டனார் பல் துலக்கியதே இல்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தார்" என்று நம்மில் சிலர் வாதிடுவதுண்டு. அப்பாட்டனார் அந்த 11 பேரைச் சேர்ந்தவர். அவரைக் கண்டு நாம் நம்பிக்கை கொள்வது, ஒருவருக்கு லாட்டரியில் பரிசு விழுந்தது கண்டு மற்றவர் உழவை விடுவது போலாம். இரண்டாவது: ஒரே அளவு அழுக்கு இருந்தும் ஒருவருக்கு விரைவாகவும் மற்றவருக்கு மெதுவாகவும் நோய் பரவுவது உடல் இயல்பைப் பொறுத்தது. ஆகவே பல் ஆடுகிறவரைச் சோம்பேறி என்று இகழ்வது தவறு. என் தந்தையாரை நான் மனத்துக்குள் அவ்வாறு இகழ்ந்ததுண்டு. இன்று வருந்துகிறேன்.

168 அளவுகள்

நிபுணர் முதல் நாள் செய்தது எனக்கு மிகவும் பழக்கமான ஒரு வேலை, கணக்கெடுத்தல். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் அளந்தார். எனக்கு அப்போது 28 பற்கள். ஆக 168 அளவுகள். உதவியாளர் ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே வந்தார். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாக நல்ல நிலை. 4, 5 என்றால் கவனிக்க வேண்டியது. 6க்கு மேல் கவலைக்குரியது. எனக்கு 41 இடங்களில் 4 அல்லது அதற்கு மேல். ஆழமான இடத்தில் 8. எக்ஸ்ரே படத்தில் எலும்பு கரைந்திருப்பது மடை உடைந்த வரப்புப் போல் தெரிந்தது.

நோயின் கடுமையை முதல் நிலையிலிருந்து நான்காம் நிலை வரை நான்காகப் பிரிக்கும் வகைப்பாடு 2018இல் உலக அளவில் வெளியிடப்பட்டது. நான் மூன்றாம் நிலையில் இருப்பதாக நிபுணர் சொன்னார். "குணமாகுமா?" என்று கேட்டேன். "நோயை அடக்கலாம். அடக்கி, வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம். ஒருமுறை மருந்து கொடுத்து ஒழித்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்" என்றார்.

சிகிச்சை மூன்று படிகளாக நடந்தது. முதலாவதாக, எவ்வாறு துலக்குவது என்பதைக் கற்பித்தார். பட்டம் பெற்றவனாகிய எனக்கு அது சற்று நாணமாகவே இருந்தது. ஆயினும் முப்பது ஆண்டுகளாகத் தவறாகவே துலக்கி வந்திருக்கிறேன் என்பது அன்று விளங்கியது. இரண்டாவதாக, ஈறு மரத்துப் போக ஊசியிட்டு, ஈற்றுக்கு மேலும் அடியிலும் உள்ள காரையைச் சுரண்டி எடுத்து, வேரை வழவழப்பாக்கினார். இது இரண்டு நாட்களில் நடந்தது. எட்டு வாரங்கள் கழித்து மீண்டும் 168 இடங்களையும் அளந்தார். 41 என்றிருந்த இடங்கள் 12 ஆகக் குறைந்திருந்தன. மூன்றாவதாக, 6 மில்லிமீட்டருக்குக் குறையாது எஞ்சி நின்ற கீழ்க் கடைவாய்ப் பற்களில் ஈற்றைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தைத்தார். எல்லோருக்கும் இந்த அறுவை வேண்டியதில்லை. முதலிரண்டு படிகளிலேயே பெரும்பாலான பைகள் சுருங்கிவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நான் எண்ணினேன். அப்போதுதான் நிபுணர், "இனிமேல்தான் சிகிச்சை தொடங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாருங்கள்" என்றார்.

ஏன் மூன்று மாதம்?

ஈற்றின் அடியில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கிருமிகள் முற்றிலும் அழிவதில்லை. அவை சில வாரங்களில் மெல்லப் பெருகி, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் கூட்டம் சேர்ந்துவிடுகின்றன. அக்கூட்டம் எலும்பைத் தொடுமுன் கலைப்பதே மும்மாத வருகையின் நோக்கம். அந்த வருகையில் நிபுணர் உடல்நலம் விசாரிக்கிறார். பைகளை அளக்கிறார். இரத்தம் கசியும் இடங்களைக் குறிக்கிறார். நாம் துலக்குவதில் எங்கே குறை என்று காட்டுகிறார். படிந்த காரையை நீக்குகிறார். அடுத்த நாளைக் குறித்துக் கொடுக்கிறார். ஏறத்தாழ ஒரு மணி நேரக் காரியம். நிலைமை நன்கு நீடித்தால் சிலருக்கு ஆறு மாதம், ஓராண்டு என்று இடைவெளி நீளவும் கூடும். இடைவெளியை நிர்ணயிப்பது நிபுணரின் அளவே அன்றி நம் வசதி அன்று.

இதன் பயனுக்குச் சான்று உண்டு. ஸ்வீடன் நாட்டுக் கார்ல்ஸ்டாட் நகரில் 1971-72இல் 375 பேரைச் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கினர். அவர்கள் நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், பொது மக்கள். முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், அடுத்த நான்கு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அவர்களை வரவழைத்துச் சுத்தம் செய்து பயிற்சி தந்தனர். அதன் பின் ஒவ்வொருவர் தேவைக்கேற்ப இடைவெளி அமைத்தனர். 30 ஆண்டுகள் கழித்து எஞ்சியிருந்த 257 பேரை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். முப்பது ஆண்டுகளில் ஒருவர் இழந்த பற்கள், வயதுப் பிரிவுக்கு ஏற்ப, சராசரியாக 0.4 முதல் 1.8 வரை மட்டுமே.

நோய் முற்றியவர்களைப் பற்றியும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்று, சராசரியாக 22 ஆண்டுகள் கண்காணிப்பில் இருந்த 600 பேரைப் பற்றிய ஆய்வு 1978இல் வெளியாயிற்று. அவர்களில் 499 பேர் அத்தனை ஆண்டுகளில் மூன்று பற்களுக்கு மேல் இழக்கவில்லை. 25 பேருக்கு மட்டும் எவ்வளவு முயன்றும் பத்தும் அதற்கு மேலும் விழுந்தன. எல்லோரையும் காக்க முடியும் என்று சொல்வது பொய்யாகும். ஆறில் ஐந்து பேரைக் காக்க முடிந்தது என்பது மெய்.

நான் தவறிய தவணை

இவ்வளவும் அறிந்த நான் மூன்றாம் ஆண்டில் தவறினேன். ஆண்டிறுதிக் கணக்கு, பாக்கி வசூல், பின்னர் பொதுப்பேரவைக் கூட்டங்கள் என்று வேலை மேல் வேலை வந்தது. வலி இல்லை, இரத்தமும் இல்லை. அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளித் தள்ளி, மூன்று வருகைகளை விட்டேன். பதினொரு மாதங்கள் கழித்துச் சென்றபோது, மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் வேர்கள் பிரியும் இடம் வரை எலும்பு கரைந்திருந்தது. அப்பல்லைக் காக்க இயலவில்லை. நிபுணர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

தவணை தவறியவர் வீட்டு வாயிலில் நின்று, "காலத்தில் கட்டியிருக்கலாகாதா?" என்று எத்தனையோ முறை கேட்டவன் நான். அன்று அந்தக் கேள்வி எனக்கே திரும்பி வந்தது. அதன் பின் ஒரு வருகையும் தவறவில்லை. இன்று எனக்கு 27 பற்கள் உண்டு. ஐந்து இடங்களில் மட்டும் 4 மில்லிமீட்டர்.

சர்க்கரையும் புகையிலையும்

ஈறு நோயை விரைவுபடுத்தும் காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. சர்க்கரை நோய் கட்டுக்கு அடங்காதவருக்கு ஈறு விரைந்து கெடுகிறது. அதே போல், ஈற்றின் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் தடையாகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான அறிக்கை ஒன்று காட்டுகிறது. ஆகவே சர்க்கரைக்கு மருந்து உண்ணும் அன்பர்கள் ஈற்றையும் காட்டுதல் அவசியம். சர்க்கரை இருப்பதைப் பல் வைத்தியரிடம் மறைத்தலும் ஆகாது.

புகைப்பவருக்கு நோய் அதிகம். சிகிச்சையின் பயனோ குறைவு. மேலும் ஒரு வஞ்சகம் உண்டு. புகை ஈற்றின் இரத்தக் கசிவை மறைத்துவிடும். இரத்தம் வராததால் ஈறு நலமாக உள்ளது என்று புகைப்பவர் நம்பியிருப்பார். தறியில் அமர்ந்து வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அடக்கிய இடத்தில் ஈறு இறங்கும். வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே வித்து. புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் 1992லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. எவரேனும் அப்படியொன்றை விற்றால் வாங்காதிருத்தல் வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று அஞ்சுவோர் பலர். உண்மை வேறு. எலும்பு கரைந்த பல்லைச் சுற்றி வீங்கிய ஈறும் காரையும் முட்டுக் கொடுத்தது போல் நிற்கின்றன. காரையை நீக்கி வீக்கம் வடிந்ததும் இடைவெளி தெரிகிறது; சில நாட்களுக்குப் பல் கூசுகிறது. காரை பல்லைக் காக்கவில்லை, அதுவே கெடுத்தது.

"ஆலும் வேலும் இருக்க வேறென்ன வேண்டும்?" என்பர். குச்சியை நன்கு மென்று பொறுமையாகத் துலக்கினால் படலத்தில் ஒரு பகுதி போகும் என்பது மெய்தான். ஆயினும் பல்லிடுக்கிலும் ஈற்றடியிலும் அது எட்டாது. செங்கற்பொடி, கரி, மணல் இவை பல்லைத் தேய்க்கும், ஈற்றை அறுக்கும்.

மாத்திரை மட்டும் வாங்கி உண்டால் போதும் என்பதும் தவறு. காரை இருக்க மருந்து வேலை செய்யாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. மென்மையான தூரிகையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, சிறு அசைவுகளாக, இரண்டு நிமிடம், காலையும் இரவும் துலக்க வேண்டும். இரவு துலக்குவதை ஒருபோதும் விடலாகாது. பல்லிடுக்குக்கென விற்கும் சிறு தூரிகையை நாளுக்கு ஒரு முறை பயன்படுத்த வேண்டும். இடுக்கு நெருக்கமானால் அதற்கெனச் செய்த நூல் உண்டு. நம் பாவு நூலை எடுத்துப் பல்லிடுக்கில் இழுப்பது அதற்கு ஈடாகாது. கஞ்சியும் சாயமும் ஏறிய நூல் ஈற்றை அறுத்துவிடும். ஊக்கால் குத்துவதும் அத்தகையதே.

சங்கங்கள் செய்யத் தக்கவை

தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இவற்றுள் சென்னைக் கல்லூரி 1953இல் தொடங்கியது. பல் மருத்துவக் கல்லூரி எதிலும் ஈறு நோய்க்குத் தனித்துறை இருக்கும். அங்கே நிபுணர்கள் பார்ப்பார்கள். தனியார் கல்லூரிகள் பலவும் கிராமங்களுக்கு வந்து முகாம் நடத்துகின்றன. நம் சங்கங்கள் கடிதம் எழுதி அவர்களை அழைக்கலாம்.

ஆனால் ஒரு நாள் முகாம் மட்டும் நடத்தி, புகைப்படம் எடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிப்பதால் ஈறு நோய்க்கு யாதொரு பயனும் இல்லை. முகாமில் நோய் கண்டவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, ஒவ்வொருவரும் அடுத்துச் செல்ல வேண்டிய மாதத்தைக் குறிக்க வேண்டும். கூலி வழங்கும் நாளில் செயலாளர் அதைப் படித்துச் சொன்னால் போதும். பொது நல நிதியுள்ள சங்கங்கள், துணைவிதி இடம் தருமாயின், எளியவர்களின் பேருந்துச் செலவுக்கு உதவலாம். நான்கைந்து பேர் ஒரே நாளில் சேர்ந்து சென்றால் செலவும் குறையும், தயக்கமும் போகும்.

மூன்று மாதத்தை நினைவில் வைப்பது கடினம் என்று பலர் சொல்கிறார்கள். நம்மவர்க்கு அது கடினமன்று. தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று எண்ணிக்கொள்ளலாம். பொங்கல், சித்திரைப் பிறப்பு, ஆடிப்பெருக்கு, தீபாவளி ஆகிய நான்கும் தறி நிற்கும் நாட்களும், ஏர் ஓயும் நாட்களுமாகும். ஒவ்வொரு பண்டிகையும் கழிந்த வாரத்தில் ஒரு வேளை வேலையை விட்டால், ஆண்டுக்கு நான்கு வேளை. பல்லெல்லாம் போன பின் கட்டுப்பல் வைக்க அலையும் நாட்களையும் ஆகும் பணத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அன்பர்களின் கணக்கறிவுக்கு விட்டது.

இரத்தம் கசியும் ஈறு உடையவர், பல்லிடுக்கு அகன்று வருபவர், பெற்றோர் இளமையிலேயே பல் இழந்தவர், சர்க்கரை நோயுடையவர், புகையிலை பழகியவர் ஆகியோர் இம்மாதமே ஒருமுறை சென்று அளந்து பார்க்கும்படி வேண்டுகிறேன். பை இல்லை என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு திரும்பலாம். இருக்கிறது என்று தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இது தீர்த்து முடிக்கும் கடன் அன்று. ஆனால் தவணை தவறாது கட்டி வந்தால் வீட்டை இழக்காமல் வாழ்ந்துவிடலாம்.

என் தந்தையாருக்கு இப்படியொரு தவணை உண்டு என்று எவரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது.